விசித்திர மனிதராம், வள்ளலாம்!

போன வாரம் எங்கள் வகுப்பில் ஒரு சண்டை. நாற்காலி எதுவும் பறக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சண்டைக்குக் காரணம் ஒரு கட்டடம். அதுவும் ஏழு கடல் தாண்டி இருக்கிற கட்டடம்.

இங்கிலாந்தில் லண்டனுக்கு மேற்கே எகம் என்று ஒரு சிற்றூர். அங்கே ராயல் ஹாலோவே கல்லூரி. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அந்த வளாகத்தின் நடுவில் செக்கச் செவேலென்று செங்கல்லில் ஒரு மாளிகை நிற்கும். கோபுரம், குவிமாடம், புகைபோக்கி என்று கூரை முழுக்க ஒரு காடு. நண்பன் ஒருவன் அதன் படத்தைக் காட்டி, "இதைக் கட்டியவர் ஒரு விசித்திரப் பேர்வழிடா. ஏதோ மாத்திரை விற்றுச் சம்பாதித்து, பிள்ளைகுட்டி இல்லாததால் எல்லாவற்றையும் பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்" என்றான்.

"என்ன மாத்திரை?" என்று கேட்டேன்.

"என்னவோ ஒரு மாத்திரை. பணம் எப்படி வந்தால் என்ன? கல்லூரி வந்ததா இல்லையா?"

சுற்றி இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. எனக்கு எப்போதுமே பதில் மூன்று நாள் கழித்துத்தான் வரும். இப்போது வந்துவிட்டது, கொஞ்சம் நீளமாக.

முதலில் கட்டடத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். பிரான்சில் லுவார் நதிப் பக்கம் ஷாம்போர் என்று ஓர் அரண்மனை இருக்கிறது. அதைப் பார்த்து அதே சாயலில் வில்லியம் கிராஸ்லாண்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது இது. நீளம் 550 அடி, அகலம் 376 அடி. நடுவே இரண்டு பெரிய முற்றங்கள். 1879ல் முதல் செங்கல் வைத்தார்கள். 1886 ஜூன் 30ந் தேதி விக்டோரியா மகாராணியே நேரில் வந்து திறந்து வைத்தார். மாணவி ஒருத்திக்குப் படுக்க ஓர் அறை, படிக்க ஓர் அறை என்று இரண்டு அறைகள்! நம் விடுதிகளில் இரண்டு அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். நிலம், கட்டடம், மூலதனம், ஓவியங்கள் எல்லாம் சேர்த்து ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல். அந்தக் காலத்துப் பவுண்டு. அழகான கட்டடம்தான். கொஞ்சம் அதிகப்படியான அழகு என்று எனக்குத் தோன்றும், அது என் ருசி.

இனி கட்டியவர். தாமஸ் ஹாலோவே 1800ல் டெவன்போர்ட்டில் பிறந்தவர். பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. 1830களில் லண்டனில் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு ஏஜெண்டாக இருந்தார். அப்போது ஃபெலிக்ஸ் அல்பினோலோ என்ற இத்தாலியர் ஒரு களிம்பு கொண்டுவந்தார். அவரை ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போய் டாக்டர்களிடம் அறிமுகம் செய்தவர் ஹாலோவே. அறிமுகம் செய்த கையோடு இதில் காசு இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. 1837ல் தன் அம்மாவின் அடுப்படியில், வீட்டுப் பாத்திரத்தில், தானே ஒரு களிம்பு கிண்டி, தன் பெயரில் விற்க ஆரம்பித்தார். ஒரு பிரபல அறுவை மருத்துவரின் சான்றுக் கடிதம் விளம்பரத்தில் வந்தது. அல்பினோலோ பதறிப்போய், அந்தச் சான்று என் களிம்புக்குக் கொடுத்தது என்று பத்திரிகையில் எச்சரிக்கை போட்டார். யார் கேட்டார்கள்? கொஞ்ச நாளில் இருவருமே கடன் சிறைக்குப் போனார்கள். ஹாலோவே போனது பத்திரிகைகளுக்கு விளம்பரக் கடன் கட்ட முடியாமல். வெளியே வந்து கோடீஸ்வரர் ஆனவர் அவர் ஒருவர்தான். அல்பினோலோவின் பெயரில் எந்த ஊரிலும் கல்லூரி இல்லை.

களிம்புக்குப் பிறகு மாத்திரை. பின்னாளில் சோதித்தபோது அதில் இருந்தவை கரியபோளம் (கற்றாழைப் பாலைக் காய்ச்சி இறுக்கியது), இஞ்சி, சோப்பு மாதிரியான சரக்குகள். நம் பாட்டிகளுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். வயிற்றைக் கழிய வைக்கும். அவ்வளவுதான். ஆனால் விளம்பரத்தில் போட்டிருந்த நோய்களின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். ஆஸ்துமா, காய்ச்சல், காக்காய் வலிப்பு, வாதம், நீர் வீக்கம், பெண்களின் மாதக் கோளாறு, காசநோய், குடல் புழு. வயிற்றுக்கடுப்பும் அதில் உண்டு. ரத்தமும் சீதமுமாகப் போய்க்கொண்டிருப்பவனுக்குப் பேதி மாத்திரை! இதை எழுதியவரை 'விசித்திரப் பேர்வழி' என்று சொல்லிச் சிரிக்க எனக்கு வரவில்லை, மன்னிக்கவும்.

இந்த மருந்துக்காரர் தன்னை எப்படி அழைத்துக்கொண்டார் தெரியுமா? 'பேராசிரியர் ஹாலோவே'. எந்தப் பல்கலைக்கழகத்தில், என்ன பாடத்தில் என்றெல்லாம் கேட்கக்கூடாது. அவர் எங்கும் பாடம் நடத்தியதில்லை. 1857, 58 ஆண்டுகளில் தன் முகத்தையும் இந்தப் பட்டத்தையும் பொறித்துச் செப்புக் காசுகளே அடித்துவிட்டார். சில்லறைத் தட்டுப்பாடு இருந்த ஆஸ்திரேலியாவில் அவை நிஜக் காசு மாதிரியே புழங்கின. மாத்திரை சாப்பிடும் முறையைச் சீனம், துருக்கி, அரபு, ஆர்மீனியம் என்று அச்சடித்தார். இந்திய மொழிகள் பலவற்றிலும் அச்சடித்தார். ஆகவே அந்த மாளிகையின் செங்கல் கணக்கில் நம் பக்கத்துக் காசும் கொஞ்சம் இருக்கும் போலிருக்கிறது. அந்த வகையில் இந்தச் சண்டையில் தலையிட எனக்கும் சின்னதாக ஓர் உரிமை உண்டு :-)

ஒரு பெட்டியின் விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. மருந்துக்கு ஒரு ஷில்லிங், அரசாங்கத்தின் முத்திரை வரி ஒன்றரைப் பென்னி. 1850 வாக்கில் தெற்கு இங்கிலாந்தில் விவசாயக் கூலி ஒருவருக்கு வாரத்துக்கு எட்டரை ஷில்லிங் சுமாராகத்தான் கிடைத்தது. ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், வாரத்துக்கு ஆறு வேலை நாள் என்று கணக்குப் போட்டால், ஒரு சிறிய மாத்திரைப் பெட்டி அவருடைய ஒரு நாள் கூலியில் முக்கால் பங்குக்கு மேல். டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாதவன்தான் இதை வாங்குவான். பெட்டியின் மேல் அரசாங்க முத்திரை வேறு ஒட்டியிருக்கும். அது வெறும் வரிச் சீட்டு. எழுத்தறிவு குறைந்த ஒருவன் அதைப் பார்த்து, சர்க்காரே சொல்லியிருக்கிறது, நல்ல மருந்துதான் என்று நினைத்தால் அவன் மேல் தப்பு சொல்ல முடியுமா? ஒவ்வொரு பெட்டிக்கும் பங்கு வாங்கிய சர்க்காரும் இந்த விஷயத்தில் யோக்கியம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. 1850ல் ஹாலோவேயின் சொந்தத் தம்பி ஹென்றி, அதே ஸ்ட்ராண்ட் வீதியில், அண்ணன் கடைக்குப் பக்கத்திலேயே கடை போட்டு, அதே மாதிரிப் பெட்டியில், 'ஹாலோவே மாத்திரை' விற்க ஆரம்பித்தார். அவர் பெயரும் ஹாலோவேதானே! அண்ணன் கோர்ட்டுக்குப் போனார். சொந்தப் பெயரை எவனும் பயன்படுத்தலாம், ஆனால் வாங்குகிற ஜனங்களை ஏமாற்றும்படி பயன்படுத்தக்கூடாது என்று நீதிமன்றம் தம்பிக்குத் தடை போட்டது. அல்பினோலோவின் களிம்பைப் பார்த்துத் தொழில் ஆரம்பித்தவர், படிக்காத பேராசிரியர், ஜனங்கள் ஏமாறக்கூடாது என்று வழக்குப் போட்டு ஜெயித்தார். வடிவேலு காமெடியில்கூட இப்படி ஒரு காட்சி வந்ததில்லை.

இந்தத் தொழிலில் உண்மையான சரக்கு விளம்பரம். 1842ல் வருடத்துக்கு ஐயாயிரம் பவுண்டு விளம்பரத்துக்குச் செலவழித்தவர், 1855ல் முப்பதாயிரம் செலவழித்தார். அவர் இறந்த 1883ல் அது ஐம்பதாயிரம். இடைப்பட்ட இருபத்தெட்டு வருடங்களில் முப்பதாயிரத்துக்குக் கீழே இறங்கவே இல்லை என்று மட்டும் வைத்துக்கொண்டால்கூட எட்டு லட்சத்து நாற்பதாயிரம் பவுண்டு ஆகிறது. பெண்களைப் படிக்க வைக்கப் போட்ட பணம் ஒரு தட்டில், நோயாளிகளை நம்ப வைக்கப் போட்ட பணம் இன்னொரு தட்டில். எந்தத் தட்டு கனம் என்று நண்பர்களே பார்த்துக்கொள்ளட்டும். அவ்வளவு விளம்பரம் வாங்கிய பத்திரிகை எதுவும் இந்த மாத்திரையைப் பற்றி உரக்கக் கேள்வி கேட்டுத் தன் வயிற்றில் அடித்துக்கொண்டிருக்காது.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஒன்று, அந்தக் காலத்து டிகிரி வாங்கிய டாக்டர்களே பாதரசத்தைக் கரைத்துக் கொடுத்தார்கள், அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் இஞ்சியும் கரியபோளமும் எவ்வளவோ தேவலை. உண்மை. ஹாலோவே மாத்திரையை வாங்கியதால் டாக்டரிடம் போகாமல் பிழைத்தவர்கள் கூட இருக்கலாம்! ஆனால் அப்போதே இது சாதுவான விஷயம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஹாலோவே களிம்பு கிண்டுவதற்கு முந்தைய வருடம், 1836ல், மோரிசன் என்பவரின் பேதி மாத்திரைகளை அளவில்லாமல் கொடுத்து ஆள் இறந்துபோனதற்காக அவற்றை விற்றவர்களுக்கு இங்கிலாந்துக் கோர்ட்டுகளில் தண்டனை கிடைத்தது. ஹாலோவே கொலைகாரர் என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாமல் செய்தார் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டு, பெண் கல்வி. இது கனமான வாதம். லண்டன் பல்கலைக்கழகம் 1878ல் பெண்களுக்குப் பட்டம் தரச் சம்மதித்தது. ஆக்ஸ்ஃபோர்டு 1920 வரை தரவில்லை. கேம்பிரிட்ஜ் 1948 வரை முழுப் பட்டம் தரவில்லை. அந்த மாதிரி உலகத்தில் ஒரு மாத்திரை வியாபாரி இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் தங்கிப் படிக்க அரண்மனை கட்டினார். அதுவும் மனைவி ஜேன் சொன்ன யோசனை என்று நிறுவன ஆவணத்திலேயே எழுதி வைத்தார். மதப் பிரிவு பார்க்கக்கூடாது, முந்தைய காலத்துப் பாடமுறைதான் வேதம் என்று இருக்கக்கூடாது என்றும் எழுதினார். ஜேன் 1875லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரு செங்கல்லைக்கூடப் பார்க்கவில்லை. கிழவரும் திறப்பு விழாவைப் பார்க்காமல் 1883 டிசம்பரில் இறந்தார். ஆரம்ப நாட்களில் கணவனும் மனைவியும் காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பத்து வரை கடையில் உழைத்தார்கள் என்று சொல்வார்கள். இதையெல்லாம் படித்தபோது எனக்கே மனசு இளகியது. பொய் சொல்ல மாட்டேன்.

இளகிய மனசை எமிலி டேவிசன் மறுபடி இறுக்கினார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1913ல் டெர்பி குதிரைப் பந்தயத்தில் ராஜாவின் குதிரைக்கு முன்னால் போய் விழுந்து உயிர்விட்டாரே, அவரேதான். அவர் இந்தக் கல்லூரி மாணவி. 1893ல் அப்பா இறந்துபோக, பருவத்துக்கு இருபது பவுண்டு கட்டணம் கட்ட அம்மாவால் முடியாமல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் வேறு இடத்தில் படிப்பை முடித்தார். ஷில்லிங் ஷில்லிங்காக ஏழைகளிடம் வசூலித்துக் கட்டிய மாளிகையில், ஒரு விதவையின் மகளால் இருபது பவுண்டு இல்லாமல் உட்கார முடியவில்லை. 2017ல் திறந்த புதிய நூலகக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். வைக்கட்டும். நல்ல காரியம்தான்.

பெயர் என்றதும் இன்னொன்று. பிரிட்டனில் பெண்களுக்கான முதல் உயர்கல்வி நிறுவனம் ஹாலோவே கட்டியது இல்லை. 1849ல் எலிசபெத் ஜெசர் ரீட் என்ற விதவை, லண்டனில் பெட்ஃபோர்டு சதுக்கத்தில் ஒரு வீட்டில் தொடங்கிய பெட்ஃபோர்டு கல்லூரி அது. கோபுரம் இல்லை, குவிமாடம் இல்லை, மகாராணி வந்து ரிப்பன் வெட்டவில்லை. ஹாலோவே மாளிகை திறப்பதற்கு முப்பத்தேழு வருடங்கள் முன்பே அங்கே பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். 1985ல் இரண்டு கல்லூரிகளும் ஒன்றாயின. சட்டப்படி இன்றைக்கும் பெயர் 'ராயல் ஹாலோவே மற்றும் பெட்ஃபோர்டு புதிய கல்லூரி'. ஆனால் பலகையிலும் பேச்சிலும் 'ராயல் ஹாலோவே' மட்டும். பெரிய கட்டடம் இருக்கிற பக்கம் பெயர் சாய்ந்துவிட்டது. ரீட் அம்மாளை யாரும் 'விசித்திரப் பேர்வழி' என்று கதை சொல்வதும் இல்லை. கதை சொல்ல அவரிடம் என்ன இருக்கிறது? நேர்மையாகக் கொஞ்சம் பணம் வைத்திருந்தார், அதைக் கொடுத்தார்.

என் சண்டை முழுக்க அந்த ஒரு வார்த்தையோடுதான். ஏழை ஒருவன் நாலு பேர் செய்யாததைச் செய்தால் அவனுக்குக் கிறுக்கு என்போம். அதையே பணக்காரர் செய்தால் விசித்திரமானவர், ஒரு மாதிரியானவர், தனிப் பிறவி. ஹாலோவே வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு கட்டடம் சாட்சி நிற்கிறது. கல்லூரிக்குச் சற்றுத் தள்ளி, வர்ஜீனியா வாட்டர் என்ற இடத்தில், அதே கிராஸ்லாண்டை வைத்து அவர் ஒரு மனநல விடுதி கட்டினார். 1885ல் திறந்தார்கள். யாருக்கு? நடுத்தர வர்க்கத்தாருக்கு. பராரிகளுக்கு வேறு இடங்கள் இருந்தன, அவை எப்படி இருந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த விடுதி 1990களில் வேலிக்குள் அடங்கிய பணக்காரக் குடியிருப்பாகிவிட்டது. (ஹாலோவே குடியிருந்த டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் வீட்டை 1969ல் ஜான் லெனன் வாங்கினார் என்பது கூடுதல் தகவல். விசித்திரப் பேர்வழிகளுக்கு ராசியான வீடு போல.)

'விசித்திரம்' என்ற வார்த்தை என்ன செய்கிறது என்றால், மாத்திரையைத் தொழிலாக இல்லாமல் குணமாக மாற்றிவிடுகிறது. தாத்தாவுக்கு மூக்குப்பொடி பழக்கம் இருந்தது என்கிற மாதிரி. கல்லூரிக்காரர்கள் மாத்திரைக் கதையை மறைப்பதில்லை. மறைத்தால்கூட ஒருநாள் யாராவது கிளறுவார்கள். அதைச் சுவையான கதையாகச் சொல்லிவிட்டால் கிளற ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. கேட்பவர்கள் சிரித்துவிட்டு அடுத்த முற்றத்துக்குப் போய்விடுகிறார்கள். தெற்கு முற்றத்தில் ஹாலோவேயும் ஜேனும் சிலையாக இருக்கிறார்கள். வடக்கு முற்றத்தில் மகாராணி. காசு கொடுத்தவர்களுக்கு முற்றம் ஒன்றும் மிச்சமில்லை.

"இறந்தவரின் கொடையில் படித்துக்கொண்டு அவரையே குறை சொல்வது நன்றிகெட்ட வேலை" என்றான் இன்னொரு நண்பன். நன்றியைப் பற்றியும் பேசுவோம். ஹாலோவே கடைசி மூன்று வருடங்களில், 1881 முதல் 1883க்குள், ஏலத்தில் புகுந்து எழுபத்தேழு ஓவியங்கள் வாங்கினார். மாணவிகள் நல்ல படங்களுக்கு நடுவே வளர வேண்டும் என்று கல்லூரிக்காகவே வாங்கியவை. அவற்றில் மூன்றை, டர்னர் ஒன்று, கெய்ன்ஸ்பரோ ஒன்று, கான்ஸ்டபிள் ஒன்று, 1990களில் கல்லூரி நிர்வாகமே விற்றது. டர்னரின் படம் மட்டும் 1993ல் ஒரு கோடியே பத்து லட்சம் பவுண்டுக்கு அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்துக்குப் போனது. அருங்காட்சியகத்துறை ஆட்கள் கத்தினார்கள். சட்டப்படி அனுமதி வாங்கித்தான் விற்றார்கள். மாளிகையைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்ற காரணமும் நியாயமாக இருக்கலாம். அவ்வளவு புகைபோக்கி இருந்தால் ஒழுகத்தான் செய்யும். ஆனால் நிறுவனரின் விருப்பம் என்பது கோடி ரூபாய் விஷயத்தில் வளையும், அவரைப் பற்றி ஓர் உண்மையை உரக்கச் சொல்வதற்கு மட்டும் வளையாது என்றால், அந்த நன்றியை என்னவென்று சொல்வது?

மிச்சப் படங்கள் அங்கேயே இருக்கின்றன. அந்தக் கூடத்தில் தேர்வு நடத்துவார்கள். லேண்ட்சீர் வரைந்த ஒரு படம் உண்டு. வடதுருவத்தில் காணாமல் போன ஃபிராங்க்ளின் குழுவின் எச்சங்களை இரண்டு பனிக்கரடிகள் கடித்துக் குதறுகிற காட்சி. அதன் அருகில் உட்கார்ந்து பார்த்தால் ஃபெயில் என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை. அதனால் தேர்வு நாளில் பிரிட்டிஷ் கொடியைப் போட்டு மூடிவிடுவார்கள். எட்வின் லாங் வரைந்த 'பாபிலோன் திருமணச் சந்தை'யும் அங்கே இருக்கிறது. பெண்களை அழகு வரிசைப்படி ஏலம் விடுகிற காட்சி. 1882ல் 6,615 பவுண்டு கொடுத்து வாங்கினார், பெண்கள் கல்லூரியில் மாட்டுவதற்கு! இதை வேண்டுமானால் விசித்திரம் என்று சொல்லுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் என்னை நிறுத்தியது இன்னொரு படம். லூக் ஃபில்ட்ஸ் 1874ல் வரைந்தது. குளிர்கால இரவு. ஒரு இரவு தங்கிக்கொள்ள அனுமதிச் சீட்டு வாங்குவதற்காக லண்டன் ஏழைகள் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒரு தாய். குளிரில் ஒடுங்கிப்போன ஆண்கள். ஹாலோவே இந்தப் படத்தை 1883ல், சாவதற்குச் சில மாதங்கள் முன்பு வாங்கினார். அந்த வரிசையில் நிற்கிற எத்தனை பேரின் வீட்டில் காலி மாத்திரைப் பெட்டி கிடந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியதா? தோன்றித்தான் வாங்கினாரா? அப்படி இருந்தால் என் கோபம் கொஞ்சம் குறையும்.

சிலையை இடி, பெயரை மாற்று என்றெல்லாம் நான் கேட்கவில்லை. பெயரை எடுத்துவிட்டால் கேள்வியும் போய்விடும். நான் கேட்பது சின்ன விஷயம். தெற்கு முற்றத்தில் அந்த இருவர் சிலைக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிக்குள், காலி மாத்திரைப் பெட்டி ஒன்று. கீழே அது குணப்படுத்துவதாகச் சொன்ன நோய்களின் முழுப் பட்டியல், ஒன்று விடாமல். அதற்கும் கீழே உள்ளே என்ன இருந்தது என்பது. கடைசியில் விலை, ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி, அது அன்றைக்கு யாருடைய எத்தனை மணி நேரக் கூலி என்பதோடு.